பாப்பா பேரில் இருந்த வண்டி

முள்ளிப்பட்டில் ஒரு நெசவாளர் வீட்டுக் கூடத்தில் முந்தானையை விரித்துப் போட்டு ஜரிகைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே என் காரை யாரோ ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. அந்த ஊரில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவது என் வழக்கம். வாரத்தில் நான்கு நாள் அந்தத் தெருக்களுக்குப் போகிறவள் நான். தறி வீடுகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்துவிட்டு, நெய்து முடித்த பட்டுச் சேலைகளை வாங்கி வந்து கடைகளுக்குப் போடுவது என் தொழில். அங்கே என் வண்டியை யார் தொடப்போகிறார்கள் என்ற தைரியம்.

சேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். டிரைவர் சீட்டில் ஒருவன், பக்கத்தில் ஒருவன். இரண்டு பேர் கழுத்திலும் அட்டை தொங்கியது.

"யார்ரா நீங்க? எறங்குடா கீழ!"

"சத்தம் போடாதீங்க மேடம். ஃபைனான்ஸ்லேர்ந்து வரோம். நாலு மாசம் டியூ கட்டல."

"நாலு மாசமா? மாசம் பொறந்தா அஞ்சாம் தேதி கட்டிகினு இருக்கேன். பேங்க் மெஷின்ல பணம் போட்ட சீட்டு பையில இருக்குது, பார்க்கிறியா?"

"அதெல்லாம் ஆபீஸ்ல வந்து காட்டுங்க. நீங்கதான் கஸ்டமரா?"

"வண்டி என்னுது."

அவன் செல்போனைப் பார்த்து ஒரு பெயரை வாசித்தான். "இது நீங்களா?" என்றான். அது நான் இல்லை. என் நாத்தனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்று, ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. வண்டியைத் தூக்கிவிட்டார்கள் என்றால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மொதலாளியம்மா நொடித்துப் படுத்துவிட்டாள், இனி கூலி வருமோ வராதோ என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வீட்டுக்காரர் தன் மொபெட்டில் என்னை ஆரணிவரை கொண்டுவந்து விட்டார். மடியில் சேலை மூட்டையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

வண்டி ஏன் நாத்தனார் பேரில் இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கமாட்டார்கள். நாங்கள் வண்டி வாங்குவதென்றால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஜோசியரிடம் போவோம். என்ன நிறம், எந்தக் கிழமை டெலிவரி, எல்லாவற்றுக்கும் மேல் யார் பேரில் என்பதை அவர்தான் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரருக்கு அப்போது ஏழரைச் சனி. அவர் பேரில் சைக்கிள்கூட வேண்டாம் என்றார் ஜோசியர். என் ஜாதகத்தை எடுத்தார், வண்டி வாகனத்துக்கு உரிய நாலாம் இடத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இந்தம்மா பேர்ல இரும்பே வேணாம்" என்றார். பக்கத்தில் இருந்த என் மாமியார், அதுதான் எனக்கு முன்னாலேயே தெரியுமே என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கடைசியில் நாத்தனார் ஜாதகத்தை நீட்டினோம். வீட்டில் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஆரணியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். "இந்தப் பொண்ணு பேர்ல யானை வாங்கினாலும் நெலைக்கும்" என்றார் ஜோசியர். சம்பளச் சீட்டும் அவளிடம் இருந்ததால் ஃபைனான்ஸ்காரர்களுக்கும் அவள் ஜாதகம் பிடித்துப்போயிற்று. கடன் அவள் பேரில், ஆர்.சி. புத்தகம் அவள் பேரில், மாதத் தவணை போவது அவள் பேங்க் கணக்கிலிருந்து. அந்தக் கணக்கில் மாதாமாதம் பணம் போடுவது நான், ஓட்டுவது நான். அடுத்த வருடம் பாப்பா கல்யாணம் ஆகிச் சேத்துப்பட்டுக்குப் போனாள். அவள் பேரில் இருந்த வண்டி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணச் சீராகக் கேட்டுவிடுவார்களோ என்று நான் உள்ளுக்குள் பயந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஃபைனான்ஸ் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடி. மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை போட வராது. அன்று எப்படியோ வந்தது. மெஷினில் பணம் போட்ட சீட்டுகளை எல்லாம் அவர் மேஜைமேல் பரப்பினேன்.

"பணம் போட்டிருக்கீங்க மேடம், ஒத்துக்கறேன். ஆனா எங்களுக்கு வந்து சேரல. நாலு மாசமா பேங்க்லேர்ந்து ரிட்டர்ன் ஆவுது."

"அப்ப ஒரு வார்த்தை எனக்குச் சொல்றதில்லையா?"

"கஸ்டமர் நம்பருக்கு மெசேஜ் போயிருக்கு. போன் பண்ணியிருக்கோம். வூட்டுக்கு ரிஜிஸ்டர் தபால்கூட அனுப்பினோம், திரும்பி வந்துடுச்சு." கோப்பிலிருந்து ஒரு நீள உறையை எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டு விலாசம். மேலே தபால்காரரின் கோணல் எழுத்தில், 'இந்தப் பெயரில் யாரும் இல்லை என்கிறார்கள்' என்று எழுதியிருந்தது.

அப்படிச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். மதிய வேளையில் தபால்காரர் வாசலில் நின்று பாப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, உள்ளே இருந்தபடியே, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல, எடுத்துகினு போங்க" என்று கத்தியது நான்தான். உறையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரி, இப்ப இன்னா பண்ணணும்? அபராதமோ எதுவோ, சேர்த்தே கட்டிடறேன். வண்டிய வுடுங்க."

"கஸ்டமர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் மேடம். நீங்க தேர்ட் பார்ட்டி."

"நாலு வருஷமா ஓட்டிகினு இருக்கிறவ தேர்ட் பார்ட்டியா?"

"ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுது. பதினஞ்சு நாள்ல ஏலத்துக்குப் போயிடும். அதுக்குள்ள அவங்கள கூட்டிகினு வந்துடுங்க."

அங்கிருந்து நேராக பேங்குக்குப் போனேன். அங்கும் அதே பாட்டு. கணக்கு வைத்திருக்கிறவர் வரவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் விலாசம் மாறியிருக்கிறது, பேங்கில் மாற்றவில்லை, அதனால் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். நான் போட்ட பணத்தை மட்டும் மெஷின் மாதாமாதம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

எந்தப் பக்கம் போனாலும் வழி பாப்பாவிடம்தான் போய் முடிந்தது. பாப்பாவோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஏழாம் மாதம் சேத்துப்பட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு அவளை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அன்றைக்கென்று பார்த்து காஞ்சிபுரத்துக் கடைக்காரர் ஒருவர், முகூர்த்தச் சேலைகள் உடனே வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வேன் என்றார். நான் வண்டியில் சேலைகளை ஏற்றிக்கொண்டு அங்கே போய்விட்டேன். வாடகைக்கு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனேன். முகூர்த்த நாளில் எந்த ஊரில் வாடகைக் கார் கிடைக்கும்? மாமியாரும் அவரும் பாப்பாவைப் பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல், கன்னத்தில் சந்தனம், மடியில் கட்டுச்சோற்றுத் தூக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கி, தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, வீடுவரை வெயிலில் நடந்து வந்தாள்.

சாயங்காலம் நான் வந்து வண்டியை வாசலில் நிறுத்தினேன். அவள் எழுந்து வந்து பார்த்தாள். "என் பேர்ல இருக்கிற வண்டி பட்டுப்பொடவைக்கு வருது, எனக்கு வரல" என்றாள். சொந்தக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், எல்லோருக்கும் தெரியும். "டியூ கட்டறது நான். பேரு மட்டும்தான் உன்னுது" என்றேன்.

அவள் அழவில்லை. மறுநாள் காலை மாப்பிள்ளையை வரச்சொல்லிச் சேத்துப்பட்டுக்கே திரும்பிப் போனாள். முதல் பிரசவம் அம்மா வீட்டில் நடக்கவில்லை. அவள் திரும்பிப் போன அன்று இரவு அவளிடமிருந்து ஒரு போன் வந்தது. நான் எடுக்கவில்லை, அவள் நம்பரை பிளாக் செய்தேன். பிள்ளை பிறந்தபோது வீட்டுக்காரரும் மாமியாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்குச் சேலை வேலை இருந்தது. சேலை வேலை எனக்கு எப்போதுமே இருக்கும்.

அதனால் முதல் ஒரு வாரம் பாப்பா இல்லாமலே வண்டியை எடுக்கப் பார்த்தேன். வக்கீலைப் போய்ப் பார்த்தேன். கடன் கொடுத்த கம்பெனியின் சென்னை நம்பருக்குப் போன் போட்டு, ஒன்றை அமுக்கு இரண்டை அமுக்கு என்ற குரலோடு மன்றாடினேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் ஆகாதா, மாமியார் போட்டால் ஆகாதா என்று மேனேஜரிடம் ஆறு முறை கேட்டேன். அவர் ஆறாவது முறையும் அதே மரியாதையோடு முடியாது என்றார்.

பாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் முள்ளிப்பட்டுக்குப் போய்வந்தேன். கண்டக்டர் மூட்டைக்கும் சீட்டு கிழித்தார். தறி வீடுகளில் கூலியை எண்ணிக் கொடுத்தபோது எப்போதும் எண்ணாமல் வாங்குகிற அம்மா ஒருத்தி அன்று எண்ணி வாங்கினாள்.

தினமும் காலையில் யார்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ரைஸ் மில் அது. நெல் காயவைத்த சிமெண்ட் களத்தில் இப்போது தூக்கி வந்த வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். டிராக்டர், ஆட்டோ, ஏகப்பட்ட பைக்குகள், நடுவில் என் வெள்ளைக் கார். வாட்ச்மேன் முதல் நாள் விடவில்லை. இரண்டாம் நாள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் நாள், "பார்த்துட்டு ஜல்தியா வந்துடு. தொடக்கூடாது" என்றார். நான் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தேன். நான்காம் நாளிலிருந்து அவரே ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து வைத்தார்.

ஏழாம் நாள் போனபோது இரண்டு பேர் என் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஏலத்துக்கு முன்னால் பார்க்க வந்தவர்களாம். ஒருவன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். மற்றவன், "பொம்பள ஓட்டின வண்டி, கிளட்ச் போயிருக்கும்" என்றான்.

"உன் வூட்டு வண்டியப் போய் ஒதை. கிளட்ச் போன வருஷம்தான் மாத்தினேன். இது ஏலத்துக்கு வராது, நடையக் கட்டு!"

"வராதுன்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

சொல்லிவிட்டேன். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது, அந்தக் களத்தில் நின்றபோதுதான் சரியாக உறைத்தது. சொல்ல உரிமை உள்ளவள் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாள்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்க போய்க் கூப்ட்டா வருவாளா?"

"நான் கூப்ட்டா ஒடனே வந்துடுவா" என்றார்.

"அப்ப கூப்டுங்களேன்."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு நிதானமாகப் பிசைந்தார். "மாட்டேன். கத்தினது நீ. நீயே போய்க் கூப்டு." இரண்டு வருடத்தில் இந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் பயங்கரக் கோபம் வந்தது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை சேத்துப்பட்டு பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு குலுங்கியது. எனக்கு வயிற்றில் பிள்ளையும் இல்லை, கையில் வளையலும் இல்லை, அதற்கே அப்படி இருந்தது. சேத்துப்பட்டு வருவதற்குள் நான் சண்டை போடுவதற்காகத் தயார் செய்து வைத்திருந்த வசனங்களில் பாதி மறந்துபோயிற்று.

பாப்பாவும் மாப்பிள்ளையும் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வெளியே எங்கோ போயிருந்தார். பட்டா மாற்ற, சாதிச் சான்றிதழ் வாங்க என்று வந்த ஆட்கள் கடைமுன் கும்பலாக நின்றார்கள். பாப்பா ஒரு பெரியவருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மேஜைக்குக் கீழே பாயில் ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை வீணாய்ப்போன காகிதங்களைக் கிழித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரின் அதே அகல நெற்றி. அந்த நெற்றியை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பேனா ஒரு கணம் நின்றது, பிறகு ஓடியது.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வரிசையில வாங்க" என்றாள்.

அக்கா. கடைக்கு வருகிற எல்லாப் பெண்களையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் அவளுக்கு அண்ணி. தள்ளி நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒவ்வொருவராகப் போனார்கள். எனக்குப் பின்னால் வந்த கிழவி ஒருத்தி அவசரம் என்றாள். அவளையும் முன்னால் விட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

"சொல்லுங்க. எத்தன காப்பி?"

ஃபைனான்ஸ் ஆபீசில் கொடுத்த தாளை மேஜைமேல் வைத்தேன். அவள் அதை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். காகிதம் படிப்பது அவள் தொழில்.

"தூக்கிட்டாங்களா" என்றாள். ஆச்சரியம் இல்லாத குரல்.

"உனக்குத் தெரியுமா?" என் குரல் ஏறியது. "மெசேஜ் வந்துச்சு, போன் வந்துச்சுன்னு சொல்றாங்க. நாலு மாசமா தெரிஞ்சும் வேடிக்க பார்த்துகினு இருந்தியா?"

அவள் தன் செல்போனை எடுத்து எதையோ தேடி, என் பக்கம் திருப்பி வைத்தாள். வாட்ஸ்அப்பில் என் பெயர். கீழே வரிசையாக அவள் அனுப்பியவை. 'அண்ணி வண்டி டியூ பவுன்ஸ் ஆயிருக்கு. பேங்க்ல பாருங்க.' அடுத்த மாதம்: 'இந்த மாசமும் ஆகல. எதாவது பிரச்சனையா.' அதற்கடுத்த மாதம்: 'நான் பேங்க்குக்கு வரணுமா. ஒரு வார்த்தை சொல்லுங்க.' ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே ஒரு டிக். எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை.

"மூணு தடவ போனும் பண்ணேன். ரிங் போவல."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் பாதியாகிவிட்டது.

"இன்னான்னு சொல்றது? உன் பொண்டாட்டி என் நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்கான்னா? அம்மாகிட்ட சொன்னா அன்னிக்கே வூட்ல பேஜாரு. எனக்கு வேணாம்." செல்போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "கலர் மெஷின் வாங்கலாம்னு லோனுக்கு எழுதிப் போட்டேன். கார் டியூ கட்டாதவங்களுக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க. பேரு மட்டும்தான என்னுது. அது போயிடுச்சு."

நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. அவள் அதை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்தாள். காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "நான் பண்ணது தப்பு பாப்பா. அன்னிக்கு வண்டி உனக்குத்தான் வந்திருக்கணும். நான் பேசினதும் தப்பு" என்றேன். கடைமுன் நின்ற ஆட்களுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். அன்று பேசியதும் அப்படித்தானே.

அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. "பேங்க்ல இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன். தொறக்க ரெண்டு நாள் ஆவும். வெள்ளிக்கிழம ஆரணிக்கு வரேன். என் பேர நான் சரி பண்ணிக்கணும், அதுக்குத்தான்" என்றாள். பிறகு என் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அண்ணா, உங்களுக்கு எத்தன காப்பி?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் சொன்ன நேரத்துக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளையைச் சேத்துப்பட்டில் தன் மாமியாரிடம் விட்டு வந்திருந்தாள். கையில் நீல நிறக் கோப்பு ஒன்று. ஃபைனான்ஸ் ஆபீஸ் மாடிக்கு ஏறியதும் மேனேஜர் வழக்கம்போல, "மேடம், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் என்னைப் பார்த்து.

"அவங்க இருக்கட்டும்" என்றாள் பாப்பா.

அதன்பிறகு நான் வாயே திறக்கவில்லை. திறக்கத் தேவையும் வரவில்லை. பேங்க் கணக்கு விவரம், நான் பணம் போட்ட தேதிகள், ஆதார் நகல் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். தபால் திரும்பி வந்த பிறகு தன் புது விலாசத்தைப் போனில் கேட்டு வாங்கியும், ஏன் அங்கே ஒரு நோட்டீஸ்கூட அனுப்பவில்லை என்று கேட்டாள். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், சென்னைக்குப் போன் செய்தார். தூக்கின செலவில் பாதியைத் தள்ளிவிட்டார்கள். மீதியை நான் கட்டினேன், நாலு மாத டியூ அந்தக் கணக்கிலிருந்தே போயிற்று. "கணக்கு நேராயிடுச்சுன்னு ஒரு லெட்டர் குடுங்க. சீல் வச்சு. ரெண்டு காப்பி" என்றாள். நான் ஒரு வாரம் கத்தியும் நகராத இடம், அவள் குரலை உயர்த்தாமல் நகர்ந்தது.

யார்டில் வாட்ச்மேன் ஒரு பட்டியலை நீட்டினார். தூக்கும்போது வண்டிக்குள் இருந்த பொருட்களாம். ஸ்டெப்னி ஒன்று, ஜாக்கி ஒன்று, குடை ஒன்று, சாமி பொம்மை ஒன்று, காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று. பாப்பா சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

"சாவிய ஓனர் கையிலதான் குடுக்கணும்" என்றார் வாட்ச்மேன். என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோல் சிரித்தார்.

பாப்பா சாவியை வாங்கினாள். வண்டியை முன்னாலிருந்து பின்வரை ஒரு தடவை பார்த்தாள். பன்னிரண்டு நாள் யார்டில் நின்ற வண்டி மாதிரி அது இல்லை, பளபளவென்று இருந்தது. சாவியைப் பானெட்மேல் வைத்தாள். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி நடந்தாள். ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. கை காட்டி ஏறிக்கொண்டாள்.

வண்டி கிடைத்துவிட்டது. எதற்காகப் பன்னிரண்டு நாள் நாய்போல் அலைந்தேனோ அது என் முன்னால் நின்றது. அப்படியே முள்ளிப்பட்டுக்கு ஓட்டிப்போய், ஒவ்வொரு தெருவாக ஹாரன் அடித்துக்கொண்டு வரவேண்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சாவியை எடுத்தபோது அந்த நினைப்பே வரவில்லை. அவள் பஸ்ஸில் போகிறாள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் நின்றது.

பேட்டரி இறங்கியிருந்தது. வாட்ச்மேனும் இன்னொருவரும் தள்ளிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் சேத்துப்பட்டு பஸ் கிளம்பிவிட்டது. ஊர் எல்லையில் அதைப் பிடித்தேன். ஜன்னலோரத்தில் நீலக் கோப்பு தெரிந்தது. ஹாரன் அடித்தேன். அவள் எட்டிப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் ஸ்டாப்பில் பஸ் நின்றது. நானும் பின்னால் நின்று, எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்து ஹாரன் அடித்தேன். அவள் இறங்கவில்லை. பஸ் கிளம்பியது, கதவைச் சாத்திக்கொண்டு நானும் கிளம்பினேன். இரண்டாவது ஸ்டாப்பிலும் அப்படியே. மூன்றாவதில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். நான்காவதில் கண்டக்டர் இறங்கி வந்து என்னைத் திட்டினார். நான் பதிலுக்குத் திட்டவில்லை. "உள்ள என் நாத்தனார் இருக்குது. அதை எறக்கி வுடுங்க, போயிடறேன்" என்றேன். "சேத்துப்பட்டு வரைக்கும் இப்படியேதான் வருவியாம்மா?" என்று கேட்டார். "அதையும் தாண்டிச் செஞ்சி வரைக்கும்கூட வருவேன்" என்றேன்.

ஐந்தாவது ஸ்டாப்பில் அவள் இறங்கினாள். உள்ளே யாரோ விசில் அடித்தார்கள். கண்டக்டர் இரண்டு முறை தட்ட, பஸ் போயே போய்விட்டது. புளியமரத்தடியில் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அருகில் கொண்டுபோய் நிறுத்தி, முன்கதவைத் திறந்தேன். அவள் அதைச் சாத்தினாள். பின்கதவைத் திறந்து ஏறி, சீட்டின் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஓனருங்க பின்னாடிதான் உக்காருவாங்க" என்றாள்.

"சரிங்க மொதலாளி" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏசி போடச் சொன்னாள், போட்டேன். வண்டி வாங்கி நான்கு வருடத்தில் அவள் அதில் உட்காருவது எத்தனையாவது தடவை என்று யோசித்துப் பார்த்தேன். பூஜை போட்ட அன்று கோயிலுக்குப் போனது ஒன்று. அதற்கு மேல் எனக்கு நினைவு வரவில்லை.

"வூட்ல எறக்கி வுட்டுடறேன்" என்றேன், சேத்துப்பட்டு நெருங்கும்போது.

"எறங்கமாட்டேன். புள்ளய எடுத்துக்கணும், துணிமணி எடுத்துக்கணும். நீங்க வண்டியத் திருப்பி நிறுத்துங்க."

"எங்க போவணும்?"

"அம்மா வூட்டுக்கு." கோப்பை மடியில் வைத்து ஓரங்களைத் தட்டிச் சரி செய்தாள். "தெருமுனையில எறக்கி வுடக்கூடாது. வாசல் வரைக்கும் போவணும், அண்ணி."

"வாசல் வரைக்கும் போவலாம் பாப்பா" என்றேன்.